தரையில் இறக்காத கன்னியம்மன்

போன வாரம் நெம்மேலி பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி, தர்பூசணி லோடு. பாடிக்கு மேலே பலகை அடித்து, இன்னும் ஓர் ஆள் உயரத்துக்குக் காயை அடுக்கியிருந்தான் அந்தப் புண்ணியவான். வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, மூஞ்சி மட்டும் வானத்தைப் பார்க்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின் டயர் பாடியில் போய் உரசுகிறது. அந்த ரப்பர் தீய்கிற வாடை என் காருக்குள் வந்ததும் மேலே ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். "இன்னாப்பா, பிரஷரா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். எனக்கும் அப்படி ஒரு பிக்கப் இருந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி, சொந்த வண்டி என்ற மிதப்பில் நான் தரையில் கால் பாவாமல் திரிந்த காலம். மகாபலிபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் இருந்து கல் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. ரிசார்ட் தோட்டத்துக்குப் போகும் கல் யானை, கல்யாண மண்டப வாசலுக்குக் கல் விளக்கு, யார் வீட்டிலும் யாரும் மாவாட்டப் போகாத கல் உரல். கல் என்றாலே ஒரு வாடை உண்டு. உளி பட்ட கருங்கல் மழைக்கு முந்தின மண் போல மணக்கும். என் சட்டையெல்லாம் அந்த வாடைதான். என் மனைவி துவைத்துத் துவைத்து அலுத்துப்போய், "உன்னக் கட்டிக்கினதுக்கு ஒரு கல்லக் கட்டிக்கினு இருக்கலாம்" என்பாள்.

கல் ஏற்றுகிற வண்டிக்கு உயிர் கமான் பட்டையில்தான் இருக்கிறது. பின் சக்கரத்துக்கு மேலே, வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு, அச்சோடு சேர்த்து இறுக்கியிருப்பார்கள். பாரம் ஏறினால் பட்டை நெளியும், இறக்கினால் மறுபடி வளையும். வருஷக்கணக்கில் அளவுக்கு மீறி ஏற்றினால் வளைவு செத்துப்போய் பட்டை நேராகிவிடும். அதைத்தான் நாங்கள் வண்டி உட்கார்ந்துவிட்டது என்போம். என் வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு வந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் இருந்தேன், அதுதான் விஷயம்.

சொன்னவன் பஷீர். திருக்கழுக்குன்றத்தில் பட்டை வேலை பார்க்கிற கடை வைத்திருந்தான். நானும் அவனும் ஆறாவதில் இருந்து ஒரே பெஞ்சு. பரீட்சையில் என்னைப் பார்த்து அவன் எழுதினானா, அவனைப் பார்த்து நான் எழுதினேனா என்று இன்றுவரை தகராறு உண்டு. இரண்டு பேரும் ஃபெயில் ஆனதால் யாருக்கும் பெருமை இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சத்தத்தை வைத்தே எது செத்தது, எது பிழைக்கும் என்று சொல்வான்.

"மச்சான், லெஃப்ட்டு சைடு செத்துப்போச்சு. ரெண்டு பட்ட சேத்துப் போடணும். கல்லு ஏத்தறதுக்கு முன்ன வந்துடு."

"வரேன் வரேன்" என்றேன். போகவில்லை. பழைய டயரை அறுத்து ஒரு துண்டை அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் செருகி, வண்டி நிமிர்ந்துவிட்டது என்று நானே என்னைத் தட்டிக்கொடுத்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போதும் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் காலனிக் கோயில் வேலை வந்தது. எங்கள் ஊர் அணுபுரம் தாண்டி உள்ளே. எங்கள் அப்பன்மார் எல்லோரும் அடுத்தவன் நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள். எங்கள் தலைமுறையில் ஒருத்தன் கல்பாக்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, ஒருத்தி நர்ஸ், ஒருத்தன் வாத்தியார், நான் வண்டி. எங்கள் கன்னியம்மன் வேப்ப மரத்தடியில் மூன்று செங்கல்லாக இருந்தாள். பெரிய ஊர்க் கோயிலுக்குள் எங்களை விட்டதில்லை, தேர் எங்கள் பக்கம் வந்ததும் இல்லை. அதனால் நமக்கென்று கருங்கல்லில் ஓர் அம்மன், கோபுரம் வைத்த கோயில், ஐயரை வைத்துக் கும்பாபிஷேகம் என்று எல்லோரும் கூடி முடிவெடுத்தார்கள். சிலை செய்தவன் சேகர். எனக்குத் தம்பி முறை, மகாபலிபுரத்தில் கல் வேலை கற்றவன். எட்டு மாசம் அந்தக் கல்லோடேயே கிடந்தான்.

பூசாரி மாமா சட்டம் போட்டார். என் அம்மாவுக்குத் தம்பி முறை. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஒலிபெருக்கி. பட்டறையில் பூஜை போட்டு ஏற்றின பிறகு அம்மன் வழியில் எங்கேயும் தரையில் படக்கூடாது. தலை முன்னாலும் பீடம் பின்னாலும் இருக்க வேண்டும், கால் முன்னால் போவது பிணம்தான். கண் திறக்கிறவரை முகத்தை யாரும் பார்க்கக்கூடாது, மஞ்சள் துணி மூடியே இருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் கோயிலில் கொட்டி வைத்த நெல்லில் படுக்கவைத்துவிட வேண்டும்.

"தரையில பட்டா அப்புறம் அது சாமி இல்லடா, கல்லு" என்றார் என்னைப் பார்த்து. "ஒன்ன நம்பித்தான் தரோம்."

ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும் சிலை. என் வண்டிக்கு அது அதிகம். வேறு வண்டி வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு நான்தான் சண்டைக்குப் போனேன். என் ஊர் அம்மனை என் வண்டிதான் கொண்டுவரும் என்றேன். பட்டறையில் கிரேன் வைத்து வைக்கோல் மேல் படுக்கவைத்தார்கள். தலை முன்னால், பீடம் பின்னால். பீடத்தில்தான் பாதிக்கு மேல் கனம், அது அச்சைத் தாண்டி வால் பக்கம் உட்கார்ந்துகொண்டது. வண்டி மூஞ்சியைத் தூக்கியது. ஸ்டியரிங் பிடித்தால் முன் சக்கரம் ரோட்டில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பின்னால் சேகர் அம்மன் பக்கத்தில் உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

மகாபலிபுரத்தைத் தாண்டி, கல்பாக்கம் போகிற வழியில், ஒரு சவுக்குத் தோப்பு ஓரம். மணி மூன்று இருக்கும். ஒரு சின்னப் பள்ளம்தான், பிரேக் கூடப் பிடிக்கவில்லை. கீழே இருந்து 'டங்' என்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் சாய்ந்தது, டயர் பாடியில் ஒட்டிக்கொண்டு தீயத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால், நான் செருகின டயர் துண்டு பிதுங்கி எங்கேயோ போயிருக்கிறது, மெயின் பட்டை இரண்டாக உடைந்து கிடக்கிறது. சேகர் மேலிருந்து, "ண்ணா, அம்மா சாயுது" என்றான். கயிறு இழுத்துப் பிடித்திருந்ததால் பிழைத்தோம். மூக்கு நுனி ஒரு இடத்தில் இடித்து ஒரு சில்லு போயிருந்தால் அந்தச் சிலை அவ்வளவுதான்.

பஷீருக்குப் போன் போட்டேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. "எந்த எடம், எத்தினி பட்ட போச்சு" என்று மட்டும் கேட்டான். முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டான். பின்னால் புதுப் பட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டி, மடியில் ஜாக்கி, கால் நடுவில் இரண்டு மரக்கட்டை. அவன் பெண்ணுக்கு அன்று பள்ளிக்கூடத்தில் ஏதோ விழாவாம், பாதியில் எழுந்து வந்திருக்கிறான். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். குனிந்து பார்த்தான். ரோட்டு ஓரத்து மணலைக் காலால் கிளறிப் பார்த்தான்.

"மச்சான், இத லோடோட செய்யக் கூடாது. மணலு. ஜாக்கி நிக்காது. அதோ ஜேசிபி நிக்கிது பாரு, ஏரி வேல. பெல்ட்டு போட்டு அம்மாவ மெதுவா எறக்கி வைக்கோலு மேல வெச்சிட்டா, அர மணி நேரத்துல முடிச்சிக் குடுத்துடுவேன்."

"தரையில படக் கூடாதுடா."

"வைக்கோலு மேலதானே வெக்கிறோம்."

நான் சேகரைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பூசாரி மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பின்னால் பம்பை உடுக்கை சத்தம், பெண்கள் குரல், ஊரே காத்துக்கொண்டிருக்கிற சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"வைக்கோலும் தரதான்" என்றார் மாமா. "எறக்கிட்டா எடுத்துக்கினு வராத. நாங்க செங்கல்லையே கும்பிட்டுக்கிறோம்."

போனை வைத்தேன். அப்போது நான், சரி, இறக்கு என்று சொல்லியிருக்கலாம். மூன்று பேருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. ஊரே என்னை நம்பி நிற்கிறது, நான்தான் கொண்டுவருவேன் என்று மார் தட்டினவன், இப்போது தரையில் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது. பஷீர் என் முகத்தைப் பார்த்தான். ஆறாவதில் இருந்து பார்க்கிற முகம்.

"சரி உடு. உங்க அம்மா எனக்கும் அம்மாதான். லோடோடயே பாக்கலாம்" என்றான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி சவுக்கு மரத்தில் மாட்டினான்.

பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்து, சேசிஸை அங்குலம் அங்குலமாகத் தூக்கினோம். தாங்குக்கு அவன் கொண்டுவந்த மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தோம். ஆனாலும் சேசிஸுக்கும் கட்டைக்கும் இரண்டு விரல் இடைவெளி இருந்தது, மணல் அவ்வளவு அமுங்கியது. அந்த இடைவெளியை நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். சேகரைச் சிவப்புத் துண்டோடு ரோட்டில் நிறுத்தினோம், வருகிற வண்டியை மெதுவாகப் போகச் சொல்ல. பஷீர் மல்லாந்து உள்ளே போவதற்கு முன் என்னிடம் சொன்னதை இன்றும் வார்த்தை மாறாமல் சொல்வேன்.

"நீ ஜாக்கிய உட்டு நகராத. கைய வெச்சிக்கினே இரு. சாய்ற மாரி தெரிஞ்சா ஒரு கொரல் குடு, நான் வெளிய வந்துடுவேன். வேற எதையும் பாக்காத."

உடைந்த பட்டையை எடுத்தான். புதுப் பட்டைகளை அடுக்கினான். கீழே இருந்து ஸ்பேனர் சத்தமும் அவன் மூச்சும் மட்டும் கேட்கிறது. என் கை ஜாக்கியில், என் கண் பலகையில். வியர்வை கண்ணுக்குள் போனாலும் துடைக்கவில்லை. கடைசி வேலை, பட்டைக்கட்டின் நடு போல்ட்டை அச்சில் இருக்கும் குழியில் சரியாக உட்காரவைக்க வேண்டும். அதைக் கையால் தடவித்தான் கொண்டுவர முடியும். "ஒரு நூலு எறக்கணும், நான் சொல்ற வரிக்கும் இரு" என்றான்.

அப்போதுதான் கல்பாக்கத்து வேலை விட்டு ஊழியர் பஸ்கள் வரத் தொடங்கின. சேகர் துண்டை ஆட்டினான், அவர்களும் மெதுவாகத்தான் போனார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாவது பஸ் போன காற்றில் அம்மன் முகத்து மஞ்சள் துணி ஒரு பக்கம் கிளம்பியது. எனக்குக் கன்னம் தெரிந்தது. இன்னொரு காற்று அடித்தால் கண் தெரியும், பஸ் நிறைய ஆட்கள் ஜன்னலில் இருக்கிறார்கள். நான் ஒரு கையை ஜாக்கியில் வைத்தபடியே எட்டினேன். எட்டவில்லை. ஜாக்கியை விட்டுவிட்டு, சக்கரத்து விளிம்பில் காலை வைத்து, பாடியைப் பிடித்து ஏறி, துணியை இழுத்துச் செருகினேன். இரண்டு நொடி இருக்குமா? அதற்கு மேல் இருக்காது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பலகை மணலில் வழுக்கியது, ஜாக்கி சாய்ந்தது, வண்டி இறங்கிக் கட்டைமேல் நின்றது. அந்த இரண்டு விரல் இடைவெளிதான் இறங்கியது.

"மச்சான், தூக்கு" என்றான் பஷீர். கத்தவில்லை. சோறு போடு என்று சொல்கிற குரலில் சொன்னான். அதனாலேயே எனக்கு விளங்கிவிட்டது.

நானும் சேகரும் ஜாக்கியை நிமிர்த்தி எப்படித் தூக்கினோம் என்று ஞாபகம் இல்லை. வெளியே வந்தான். வலது கையை இடது கையால் பொத்திப் பிடித்திருந்தான். சேகர் சிவப்புத் துண்டை அதில் சுற்றினான், ரத்தம் தெரியாமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். நாலு நட்டு இறுக்காமல் வண்டி நகராது, நீ இறுக்கு, நான் சொல்கிறேன் என்றான். சவுக்கு மரத்தில் சாய்ந்து கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் கீழே கிடந்து இறுக்க இறுக்க, "இன்னும் ரெண்டு சுத்து. அந்தாண்ட நட்டு மாத்தி இறுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் குரல் வரவில்லை, தலையை ஆட்டினான்.

ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. அவனை ஏற்றினோம். நான் கூட ஏறுவதற்குக் காலை வைத்தேன். பொழுது சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓட்ட வேறு ஆள் இல்லை. "போ. அம்மா காத்துக்கினு கீது" என்றான் பஷீர். நான் காலை எடுத்துவிட்டேன். வெள்ளைச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத நாலு பேர் நடுவில் உட்கார்ந்து அவன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வண்டி நிமிர்ந்து ஓடியது. காலனி முனையில் பட்டாசு, பம்பை, ஆரத்தி. மாமா ஓடிவந்து, "தரையில படலயே?" என்றார். "படல" என்றேன். அவ்வளவுதான், கூட்டம் என்னைத் தோளில் தூக்கிவிட்டது. என் கையில் பஷீரின் ரத்தம் காய்ந்திருந்தது, குங்குமம் என்று நினைத்து ஒரு பெரியம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சொல்லவில்லை. என்னை இதற்காக நீங்கள் என்ன நினைத்தாலும் சரிதான்.

மறுநாள் காலையில்தான் போனேன். நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு எடுத்துவிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் இட்லி தின்றுகொண்டிருந்தான். "அம்மா நேரத்துக்குப் போய்ச் சேந்தாளா?" என்றுதான் முதலில் கேட்டான். துணியைச் சரிசெய்ய ஏறினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "மணலுடா அது, நீ இன்னா பண்ணுவ" என்று அவனே சொல்லிவிட்டான். நானும் விட்டுவிட்டேன்.

பிக்கப்பை அந்த வருஷமே விற்றேன். இப்போது ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறேன், பாரம் என்றால் பின் சீட்டில் மூன்று பேர். ரோட்டை அகலமாக்கியதில் அந்தச் சவுக்குத் தோப்பு இல்லை. எந்த இடம் என்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. சேகர் மலேசியாவில் ஏதோ கோயில் வேலை என்று போனவன் போனவன்தான். பஷீருக்கு ஸ்பேனர் பிடி நிற்கவில்லை. பட்டைக் கடையை மூடிவிட்டு, அதே இடத்தில் நட்டு, போல்ட்டு, வண்டி உதிரி சாமான் விற்கிறான்.

இந்தத் தை மாசம் எங்கள் கோயிலுக்கு ஒரு கல் விநாயகர் வந்தார். காலனி முனையில் லாரிக்கு டயர் பஞ்சர். நான் போய்ப் பார்க்கிறேன், விநாயகரை இறக்கி ரோட்டு ஓரத்தில் வெறும் மண்ணில் வைத்திருக்கிறார்கள். முகத்தில் துணி இல்லை. ஒருத்தன் அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு போன் பேசுகிறான். பூசாரி மாமா பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, தரையில கீதே" என்றேன்.

"அதனால இன்னா? ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி ஒரு சாந்தி பண்ணா ஆச்சு."

"அப்போ அம்மனுக்குச் சொன்னது?"

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "அது அப்போடா. எவன் வந்து இன்னா கொற சொல்லுவானோன்னு பயந்துகினு கெடந்தோம். மத்தவன் கோயிலுக்குப் பத்து சட்டம்னா, நாம பன்னெண்டு வெச்சிக்கினோம். இப்போ நம்மள எவன் கேக்கப்போறான்?"

அவர் சொன்னது நியாயம்தான். பயம் போனது நல்லதுதான். என்னால் மட்டும் அங்கே நிற்க முடியவில்லை, வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

பஷீரிடம் இதைச் சொல்லவில்லை. அவன் கடையில் நான் போய் உட்காரும்போதெல்லாம், யாராவது புது ஆள் கையைப் பார்த்துவிட்டு எப்படி ஆச்சு பாய் என்று கேட்பார்கள். அவன் அந்தக் கையை மேசைமேல் வைத்து, கதையை முதலில் இருந்து சொல்வான். ஜேசிபி, மணல், பஸ், எல்லாம் சொல்வான். சொல்லி முடித்து என் பக்கம் திரும்புவான்.

"அந்தம்மா ஊட்டுக்குப் போற வரிக்கும் தரையில படல. இவனயே கேளு. பட்டாளாடா?"

"படல" என்கிறேன்.